பேட் சுன் புல்மனிலிருந்து சியாட்டிலுக்கு: வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் புதிய விளையாட்டுத் துறை இயக்குநர்

பாலூஸ்_கோதுமை, 27 மார்ச் 2024

செய்தி வந்து ஒரு நாள் ஆகியும் மனம் அதை ஏற்க மறுப்பதால் இந்த இழையைத் தொடங்குகிறேன். 2018 முதல் புல்மனில் உள்ள வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறை இயக்குநராக இருந்த பேட் சுன், சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் அதே பதவியை ஏற்றிருக்கிறார். கூகர்ஸ் அணியின் பொறுப்பாளர் ஹஸ்கீஸ் அணியின் பொறுப்பாளராகிவிட்டார் என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த ஒரு வரிக்குள் எவ்வளவு வலி இருக்கிறது என்பதை இந்த மாநிலத்துக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சற்று விரிவாகத்தான் சொல்ல வேண்டும்.

பேக்-12 என்ற போட்டிக் குழுமத்தில் இரண்டு பல்கலைக்கழகங்களும் பல்லாண்டுகள் ஒன்றாக இருந்தன. 2022 ஜூன் 30 அன்று தெற்கு கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகமும் யூசிஎல்ஏவும் பிக் டென் என்ற இன்னொரு குழுமத்துக்குப் போவதாக அறிவித்தன. 2023 ஜூலையில் கொலராடோ விலகியது. ஆகஸ்ட் 4 அன்று வாஷிங்டனும் ஓரிகனும் பிக் டென் பக்கம் போக, அதே நாளில் அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா ஆகிய மூன்றும் பிக் 12-க்குப் போயின. செப்டம்பர் தொடக்கத்தில் ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியாவும் அட்லாண்டிக் கரைக் குழுமத்தில் சேர்ந்தபின் மிஞ்சியவை இரண்டே இரண்டுதான்: நாங்களும் ஓரிகன் ஸ்டேட்டும்.

எங்களை விட்டுப் போனவர்களில் எங்களுக்கு மிக நெருக்கமானவர்கள் சியாட்டில்காரர்கள். ஒரே மாநிலம், ஒரே சட்டமன்றம், 1900-ஆம் ஆண்டிலிருந்து தொடரும் ஒரே ஆட்டம். அவர்கள் போனபின் மிஞ்சியதைக் காப்பாற்றும் பொறுப்பு யாரிடம் இருந்ததோ, அவரே இப்போது போனவர்களிடம் போய்ச் சேர்ந்திருக்கிறார். ஒருவர் நல்ல வேலைக்கு மாறுவதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இதே வேலைக்கு ஒஹையோவுக்கோ ஃபுளோரிடாவுக்கோ போயிருந்தால் நேற்றிரவு நான் தூங்கியிருப்பேன்.

யூனியன்_விரிகுடா, 27 மார்ச் 2024

நண்பரே, உங்கள் வருத்தம் புரிகிறது. நான் ஹஸ்கீஸ் ரசிகன். பர்ப்பிள் நிறச் சட்டையோடு ஏரிக்கரை மைதானத்தில் 20 ஆண்டுகளாக அமர்ந்திருப்பவன். எங்கள் பக்கத்து நிலைமையையும் நீங்கள் கேட்க வேண்டும்.

கடந்த ஆகஸ்டில் எங்கள் இயக்குநர் ஜென் கோஹன் எங்களை விட்டுத் தெற்கு கலிஃபோர்னியாவுக்குப் போனார். அக்டோபரில் டுலேனிலிருந்து டிராய் டேனன் வந்தார். ஜனவரி 8 அன்று ஹூஸ்டனில் மிச்சிகனிடம் 34–13 எனக் கால்பந்தின் தேசிய இறுதி ஆட்டத்தை இழந்தோம். அந்தத் துக்கம் ஆறுவதற்குள் அலபாமாவின் பயிற்சியாளர் நிக் சேபன் ஓய்வு பெற, எங்கள் பயிற்சியாளர் கேலன் டிபோர் அங்கே புறப்பட்டுவிட்டார். அரிசோனாவிலிருந்து ஜெட் ஃபிஷ் அழைத்து வரப்பட்டார். கூடைப்பந்துப் பயிற்சியாளர் மைக் ஹாப்கின்ஸ் மார்ச்சில் நீக்கப்பட்டார். புதியவரைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், வந்து ஆறு மாதம்கூட நிறையாத டேனன் நெப்ராஸ்காவுக்குப் போனார். தலைவர் இல்லாத வீட்டில் கல்யாணம் பேசியது போல, நிரந்தர இயக்குநர் இல்லாமலேயே டேனி ஸ்பிரிங்க்கிளைக் கூடைப்பந்துக்கு அமர்த்தினோம். எட்டு மாதத்தில் மூன்று இயக்குநர்கள் என்பது எந்தத் துறையையும் ஆட்டிப்பார்க்கும்.

இந்த நிலையில் எங்களுக்குத் தேவைப்பட்டவர் இந்த மாநிலத்தை அறிந்தவர், மேற்குக் கடற்கரையின் நிலவரத்தை விளக்கிச் சொல்லத் தேவையில்லாதவர், பிக் டென் எப்படி இயங்குகிறது என்பதை உள்ளிருந்து பார்த்தவர். சுன் ஒஹையோ ஸ்டேட்டில் படித்தவர், அங்கேயே பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். இந்த மூன்றும் பொருந்தும் இன்னொருவரை நாடு முழுவதும் தேடினாலும் கண்டுபிடிப்பது கடினம். உங்கள் இழப்பில் நான் மகிழவில்லை. ஆனால் என் அணிக்கு இது நல்ல நியமனம் என்பதை மறைத்துப் பேசவும் என்னால் முடியாது.

டகோமா_வாசகர், 27 மார்ச் 2024

புதியவன் கேட்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பயிற்சியாளர் மாறினால் ரசிகர்கள் கொதிப்பது எனக்குப் புரிகிறது. அலுவலக அறையில் இருக்கும் ஒரு நிர்வாகி மாறுவதற்கு ஏன் இவ்வளவு கொந்தளிப்பு?

கென்னிவிக்_கணக்கு, 27 மார்ச் 2024

டகோமா நண்பருக்கு: அந்தப் பயிற்சியாளரைத் தேர்ந்தெடுப்பவர், அவருடைய ஒப்பந்தத்தை எழுதுபவர், தேவைப்படும்போது அவரை நீக்குபவர் இந்த நிர்வாகிதான். மைதானத்தை விரிவாக்க வாங்கிய கடனை அடைப்பதும், நன்கொடையாளர்களின் வீட்டு வாசலில் போய் நிற்பதும், யாரோடு எந்த ஆண்டு எங்கே ஆடுவது என்று பேசி முடிப்பதும், ஆண்கள், பெண்கள் அணிகளுக்குச் சமவாய்ப்பு தரும் சட்டப்படி துறை நடக்கிறதா என்று பார்ப்பதும் அவர் வேலை. கால்பந்து (அமெரிக்கக் கால்பந்தைத்தான் சொல்கிறேன்) ஈட்டும் பணத்தில்தான் படகோட்டம், பெண்கள் கைப்பந்து, ஓட்டம் என்று மற்ற அணிகள் பெரும்பாலும் பிழைக்கின்றன. எனவே கால்பந்தில் ஒரு முடிவு தவறினால் அந்த அடி தொலைக்காட்சியில் ஒருபோதும் வராத மாணவர்கள்மீதும் விழுகிறது.

இந்த நியமனம் எங்கிருந்து தொடங்கியது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனெனில் அது எனக்கு மிகவும் விந்தையாகப் படுகிறது. 2005 முதல் ஒஹையோ ஸ்டேட்டின் இயக்குநராக இருந்த ஜீன் ஸ்மித், கடந்த ஆகஸ்டில் ஓய்வை அறிவித்தார். அவருடைய இடத்துக்கு டெக்சஸ் ஏ அண்ட் எம்மிலிருந்து ராஸ் பியோர்க் அழைக்கப்பட்டார். அங்கே காலியான இடத்துக்கு நெப்ராஸ்காவின் டிரெவ் ஆல்பர்ட்ஸ் போனார். ஆல்பர்ட்ஸின் இடத்துக்கு டேனன், டேனனின் இடத்துக்கு சுன். ஒஹையோ ஸ்டேட்டில் சுன் வேலை பார்த்த பிந்தைய ஆண்டுகளில் அவருக்கு மேலே இருந்தவர் அதே ஜீன் ஸ்மித். ஒரு மனிதர் ஒஹையோவின் கொலம்பஸில் நாற்காலியை விட்டு எழுந்ததில், நான்கு பல்கலைக்கழகங்களைத் தாண்டி, அவரிடம் தொழில் கற்றவரின் நாற்காலி புல்மனில் காலியாகியிருக்கிறது.

பணத்தைப் பற்றி ஒரு திருத்தம். ஹஸ்கீஸ் பணத்தில் புரள்கிறது என்று நம் பக்கத்தில் பலர் எழுதுகிறார்கள். உண்மையில் வாஷிங்டனும் ஓரிகனும் பிக் டென்னுக்குள் முழுப் பங்கோடு போகவில்லை. முதல் ஆண்டு ஏறத்தாழ 3 கோடி டாலர், பிறகு ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் கூடுதல் என்பதுதான் ஒப்பந்தம். பழைய உறுப்பினர்களுக்குக் கிடைப்பதில் இது ஏறத்தாழப் பாதி. அந்தப் பாதிப் பங்கை வைத்துக்கொண்டு ஒஹையோ ஸ்டேட், மிச்சிகன் போன்றவர்களோடு மோதும் ஒரு துறையைத்தான் சுன் ஏற்றிருக்கிறார். எளிதான இடத்துக்கு அவர் ஓடிவிட்டார் என்று என்னால் சொல்ல முடியாது.

கருஞ்சிவப்பு_கொடி, 28 மார்ச் 2024

கணக்கு சரியாக இருக்கலாம். ஆனால் எதிரே உட்கார்ந்து பேரம் பேசியவர், பேச்சு முடிந்தபின் மேசையைச் சுற்றிப் போய் மறுபக்கத்து நாற்காலியில் உட்காருவதை எந்தக் கணக்கில் எழுதுவது?

கடந்த நவம்பரில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். 25-ஆம் தேதி சியாட்டிலில் கடைசி நொடியில் ஹஸ்கீஸின் கிரேடி கிரோஸ் உதைத்த ஃபீல்டு கோலால் 24–21 என்று தோற்றோம். இரு பல்கலைக்கழகங்களும் மோதும் ஆட்டத்துக்கு ஆப்பிள் கோப்பை என்று பெயர்; பேக்-12-இல் இரு அணிகளும் மோதிய கடைசி ஆப்பிள் கோப்பை அது. அதையொட்டி, 2024 முதல் 2028 வரை ஐந்து ஆண்டுகளுக்கு இந்த ஆட்டம் தொடரும் என்று இரு தரப்பும் அறிவித்தன. நம் பக்கம் நின்று அதைப் பேசி முடித்தவர் சுன், அவர்கள் பக்கம் டேனன். அந்த ஒப்பந்தத்தில் நமக்கு எது அவசியம், எதை விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தோம், அடுத்த ஆண்டு நம் கையிருப்பு எவ்வளவு என்பதெல்லாம் அறிந்த ஒருவர் இன்று அவர்கள் பக்கம் இருக்கிறார். டேனனும் நெப்ராஸ்காவில் இருக்கிறார். கையெழுத்திட்ட இருவரில் ஒருவர்கூட அந்த இடத்தில் இல்லை.

இப்போது சுன் போன அதே வாரத்தில்தான் நம் கூடைப்பந்துப் பயிற்சியாளர் கைல் ஸ்மித் ஸ்டான்ஃபோர்டுக்குப் போனார். 2008-க்குப் பிறகு முதன்முறையாக நம்மைத் தேசியப் போட்டிக்குள் கொண்டுபோய், டிரேக்கை வென்று, அயோவா ஸ்டேட்டிடம் தோற்று ஒமாஹாவிலிருந்து திரும்பிய சில நாட்களில் இது நடந்தது. 25 வெற்றிகள் பெற்ற ஆண்டைக் கொண்டாடுவதற்கு ஒரு வாரம்கூட நமக்குக் கிடைக்கவில்லை.

ஸ்போகேன்_மீனா, 28 மார்ச் 2024

நானும் கூகர்ஸ் ரசிகைதான். என் கணவர் அங்கே படித்தவர், என் மூத்த மகள் இப்போது படிக்கிறாள். ஆனாலும் இந்த இழையில் சுன் பற்றிய பேச்சு ஒரு பக்கமாகச் சாய்வதாக உணர்கிறேன்.

முந்தைய இயக்குநர் பில் மூஸ் 2017-இல் நம்மை விட்டுப் போனபோது துறை பெரும் கடனில் இருந்தது. அவரும் நெப்ராஸ்காவுக்குத்தான் போனார், அவர் இங்கேயே படித்து இங்கேயே ஆடியவர் என்பதையும் மறந்துவிட வேண்டாம். சொந்தப் பிள்ளையும் போயிருக்கிறார். அந்தக் கடனோடு துறையை ஏற்றுக்கொண்டவர் சுன். அவருடைய முதல் ஆண்டில் கால்பந்துப் பயிற்சியாளர் மைக் லீச்சும் வீரர் கார்ட்னர் மின்ஷியூவும் 11 வெற்றிகளைத் தந்தார்கள். அது நம் பல்கலைக்கழக வரலாற்றில் அதிகபட்சம். பிறகு லீச் மிசிசிப்பி ஸ்டேட்டுக்குப் போக, 2020 ஜனவரியில் ஹவாயிலிருந்து நிக் ரோலோவிச்சைத் தலைமைப் பயிற்சியாளராகச் சுன் கொண்டுவந்தார்.

2021 அக்டோபர் 18 யாருக்கும் மறந்திருக்காது. அரசு ஊழியர்கள் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும் என்ற ஆளுநரின் ஆணையை ஏற்க மறுத்ததால், பருவத்தின் நடுவில் தலைமைப் பயிற்சியாளரும் நான்கு துணைப் பயிற்சியாளர்களும் ஒரே நாளில் போனார்கள். ஊரே இரண்டாகப் பிளந்து நின்றது. நம் தமிழ்க் குடும்பங்களின் இரவு உணவு மேசையிலும் அந்த வாக்குவாதம் நடந்தது. அப்போது துணைப் பயிற்சியாளராக இருந்த ஜேக் டிக்கர்ட்டிடம் அணியை ஒப்படைத்து, ஐந்தே வாரங்களில் சியாட்டிலுக்குப் போய் 40–13 என்று ஆப்பிள் கோப்பையை வென்று வரும் அளவுக்கு அந்த மாணவர்களைச் சிதறாமல் வைத்திருந்தவர்களில் சுன்னும் ஒருவர். ரோலோவிச்சைத் தேர்ந்தெடுத்ததும் அவரே என்று நீங்கள் சொல்வீர்கள். சொல்லுங்கள், அதுவும் உண்மைதான். இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

இன்னொன்று, இது என் வீட்டுக்குள் மட்டும் பேசிய விஷயம். கொரியக் குடும்பத்தில் பிறந்த சுன், நாட்டின் ஐந்து பெரிய போட்டிக் குழுமங்களில் இந்தப் பதவிக்கு வந்த முதல் ஆசிய அமெரிக்கர். அவர் புல்மனுக்கு வந்தபோது என் மகளுக்கு வயது 13. விளையாட்டுத் துறையில் வேலை செய்ய நம்மைப் போன்றவர்களுக்கும் இடம் உண்டா என்று அவள் அதுவரை கேட்டதே இல்லை. அதன் பிறகு கேட்டாள். இப்போது அவள் படிப்பது விளையாட்டு மேலாண்மை. அவர் ஊர் மாறிவிட்டதால் அந்தக் கடன் எனக்குத் தீர்ந்துவிடவில்லை.

பாலூஸ்_கோதுமை, 28 மார்ச் 2024

மீனா அக்கா எழுதியதை மூன்று முறை படித்தேன். 2021 இலையுதிர்காலத்தைப் பற்றி அவர் சொன்னதை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. முதல் பதிவில் சுன் செய்தவற்றை நான் ஒரு சொல்கூடச் சொல்லாமல் விட்டது என் தவறு.

ஆனாலும் என்னை உறுத்துவது வேறு. புல்மனின் மக்கள்தொகை ஏறத்தாழ 33,000. எங்கள் மைதானத்தின் இருக்கைகளும் ஏறத்தாழ அவ்வளவே. அந்த ஊருக்குப் போக சியாட்டிலிலிருந்து 285 மைல் ஓட்ட வேண்டும். ஸ்னோக்வால்மி கணவாயைக் கடந்து, வான்டேஜில் கொலம்பியா ஆற்றைத் தாண்டி, பிறகு இரண்டு பக்கமும் கோதுமை மட்டுமே தெரியும் சாலையில் இரண்டு மணிநேரத்துக்கும் மேல். தற்செயலாக அந்த வழியே போய் யாரும் எங்கள் ரசிகராக ஆவதில்லை. அங்கே வாழ்ந்தவர்கள், படித்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள், அவ்வளவுதான். 2003 முதல், கல்லூரிக் கால்பந்துத் தொலைக்காட்சி நிகழ்ச்சி எந்த ஊரில் நடந்தாலும் ஒவ்வொரு சனிக்கிழமையும் எங்கள் கருஞ்சிவப்புக் கொடியைத் தூக்கிக்கொண்டு யாராவது ஒருவர் போய் நிற்கிறார். எங்கள் அணி அங்கே ஆடாவிட்டாலும் நிற்கிறார். சம்பளம் கிடையாது, கட்டளை கிடையாது.

இப்படிப்பட்ட ரசிகர்களை வைத்துக்கொண்டுதான் கடந்த செப்டம்பரில் நாங்களும் ஓரிகன் ஸ்டேட்டும் விட்மன் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போனோம். எஞ்சிய பேக்-12-இன் நிர்வாகம் எங்களுக்கே உரியது என்று தீர்ப்பு வந்தது, டிசம்பரில் மாநில உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது. அந்த வழக்கில் எதிர்த்தரப்பாக உள்ளே வந்து வாதாடியது வாஷிங்டன் பல்கலைக்கழகம். வழக்கு முடிந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. பிரிவின் காயம் ஆறாதபோது, நம் தரப்பில் நின்றவர் அந்தத் தரப்புக்கு வேலைக்குப் போவது சட்டப்படி சரிதான், தொழில்முறையிலும் சரிதான்; அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் ஊருக்கு அந்த இரண்டு ‘சரி’யும் போதவில்லை.

நான் கேட்பது ஒன்றே. அடுத்து வருபவர் இந்த ஊரை ஒரு படிக்கட்டாகப் பார்க்காதவராக இருக்க வேண்டும்.

யூனியன்_விரிகுடா, 29 மார்ச் 2024

வழக்கைப் பற்றி நீங்கள் சொன்னது எனக்குச் சுருக்கென்று தைத்தது. எங்கள் பல்கலைக்கழகம் அதில் தலையிட்டதை அப்போதே நான் ஏற்கவில்லை. போகிறவர்கள் போய்விட வேண்டும், விட்டுப்போகும் வீட்டின் சாவியையும் கேட்கக் கூடாது என்று அன்றைக்கே சொன்னேன்.

ஆனால் படிக்கட்டு என்ற சொல்லை ஏற்க மாட்டேன். எங்களை விட்டு டேனன் போனது ஆறு மாதத்துக்குள். உங்களிடம் சுன் இருந்தது ஆறு ஆண்டுகள். இந்தப் பதவியில் இன்றைய நிலையில் ஆறு ஆண்டு என்பது குறைவல்ல. ஒரு வேண்டுகோளும் உண்டு: சுன் இங்கே வந்ததில் ஒரு நன்மை இருக்கக்கூடும். 2028-க்குப் பிறகு ஆப்பிள் கோப்பை தொடருமா என்ற கேள்வி வரும்போது, புல்மனுக்கு அந்த ஆட்டம் எவ்வளவு முக்கியம் என்பதைச் சியாட்டில் அலுவலகத்தில் யாரும் அவருக்கு எடுத்துச் சொல்லத் தேவையிருக்காது.

கருஞ்சிவப்பு_கொடி, 29 மார்ச் 2024

அந்த நன்மை நடந்தால் இதே இழையில் வந்து உங்களுக்கு நன்றி சொல்வேன் ஐயா. அதுவரை அதை நான் நம்பிக்கையாகவே வைத்திருக்கிறேன், ஆறுதலாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஸ்போகேன்_மீனா, ஜூன் 2024

இடைக்கால இயக்குநராக இருந்த ஆன் மெக்காயையே நிரந்தரமாக நியமித்துவிட்டார்கள். வெளியூரிலிருந்து பெரிய பெயர் வரவில்லையே என்று சிலர் எழுதுவதைப் பார்த்தேன். 20 ஆண்டுகளுக்கு மேல் இந்தத் துறையிலேயே வேலை பார்த்தவர் அவர். எந்தக் குழாய் எங்கே கசியும் என்று அறிந்தவர் வீட்டைப் பார்த்துக்கொள்வது இப்போதைக்கு நல்லது. பேக்-12 ஆணையராக மார்ச்சில் பொறுப்பேற்ற டெரீசா கௌல்டும் பெண். எஞ்சிய இரண்டு பல்கலைக்கழகங்களின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் மேசையில் இரண்டு பெண்கள் இருப்பதை என் மகளிடம் சொன்னேன். அவளுக்கு அது எனக்கு முன்பே தெரிந்திருந்தது.

கென்னிவிக்_கணக்கு, 13 செப்டம்பர் 2024

நேற்றைய அறிவிப்பைப் பதிந்துவைக்கிறேன். பாய்சி ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், சான் டியாகோ ஸ்டேட் ஆகிய நான்கும் 2026-இல் பேக்-12-இல் சேர்கின்றன. நமக்கு முன்பு கிடைத்த தொலைக்காட்சிப் பணத்துக்கு இது ஈடாகாது. ஆனால் பட்டியலில் இரண்டு பெயர்கள் மட்டுமே இருந்த காலம் முடிந்தது. நீதிமன்றத்தில் வென்ற அந்த உரிமை இல்லாவிட்டால் இப்படி அழைப்பு விடுக்க நமக்கு வாசலே இருந்திருக்காது. அந்த வழக்கு நடந்த மாதங்களில் பொறுப்பில் இருந்தவர்களில் சுன்னும் உண்டு என்பதை, மார்ச்சில் எழுதத் தவறியதற்காக, இப்போது எழுதுகிறேன்.

பாலூஸ்_கோதுமை, 15 செப்டம்பர் 2024

நேற்று ஆப்பிள் கோப்பை ஆட்டத்துக்காகச் சியாட்டிலின் லூமென் ஃபீல்டு மைதானத்தில் இருந்தேன். 24–19. நாங்கள் வென்றோம்.

எங்கள் வீரர் ஜான் மட்டீர் ஓடியும் எறிந்தும் ஆட்டத்தைத் தோளில் சுமந்தார். கடைசியில் ஹஸ்கீஸுக்கு நான்காவது, அதாவது இறுதி முயற்சி, கோல் கோட்டுக்கு ஒரே ஒரு கஜம். பக்கவாட்டில் ஓடி நுழையப் பார்த்தார்கள். எங்கள் தற்காப்பு வீரர்கள் அங்கேயே மடக்கினார்கள். எனக்கு முன்வரிசையில் இருந்த முதியவர் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவர் எந்த ஆண்டு மாணவர் என்று கேட்டேன், 1971 என்றார்.

ஆறு மாதம் முன்பு இந்த இழையைத் தொடங்கியபோது, இந்த ஆட்டத்தன்று எதிர்ப்பக்கம் சுன் இருப்பார் என்ற எண்ணமே என்னை வாட்டியது. நேற்று ஆட்டம் தொடங்கிய பிறகு அவர் நினைவு எனக்கு ஒருமுறைகூட வரவில்லை. வீடு திரும்பும் வழியில், பாலத்தின் மேல் போக்குவரத்தில் நின்றபோதுதான் வந்தது. கோபம் இல்லை. டிக்கர்ட்டைத் தேர்ந்தெடுத்தவர் அவர்தானே என்று மட்டும் தோன்றியது.

யூனியன்_விரிகுடா ஐயா ஆட்டம் முடிந்ததும் வாழ்த்து அனுப்பியிருந்தார். தோற்ற அன்று அப்படி எழுதுவது எனக்கு வருமா என்று தெரியவில்லை.

அடுத்த ஆண்டு ஆட்டம் புல்மனில். நான் முந்தைய நாள் மதியமே கிளம்புவேன், காரில் மூன்று இடம் இருக்கிறது. பர்ப்பிள் சட்டைக்காரர்களும் வரலாம். வான்டேஜில் தேநீருக்கு நிறுத்துவேன்.